அடி விழும்வரை வாய் திறக்கக் கூடாது

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்து தேய்த்த நாற்காலியில் இப்போது அவள் உட்கார்ந்திருக்கிறாள். துவாக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் ஃபவுண்டரியின் பரிசோதனைக் கூடத்துக்குப் புது மெஷின் வந்திருக்கிறதாம். இரும்புத் துண்டை அதுவே குளிரில் வைக்குமாம், அதுவே எடுத்து அடித்து உடைக்குமாம், எண்ணை அதுவே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுமாம். மனுஷர் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தால் போதும் போலிருக்கிறது. அதற்குத் தகுந்தபடி பழைய செய்முறைத் தாளைத் திருத்த உட்கார்ந்தவர்கள் ஒரு வரியில் வந்து நின்றுவிட்டார்கள்.

"மேடம், இதுல ஒண்ணு எழுதியிருக்கு மேடம். 'துண்டை வெளியே எடுத்ததிலிருந்து அடி விழும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது'ன்னு. ஆடிட்டர் ஏன்னு கேக்குறாரு, எங்க யாருக்கும் தெரியல. எச்சில் தெறிக்கும்னு போட்டிருப்பாங்களோ?"

"எச்சிலுமில்ல, ஒரு மண்ணாங்கட்டியுமில்ல. நாங்க சாமி கும்பிட்டதால வந்த வரி அது."

"அய்யோ, சொல்லுங்க மேடம்!"

"போன்ல சொன்னா பொழுது போயிடும். எழுதி அனுப்புறேன், ஆடிட்டருக்கும் படிச்சுக் காட்டு. சிரிக்கலைன்னா அந்த ஆளை நம்பாதே."

ஆகவே எழுதுகிறேன்.

நான் பாலக்கரைக்காரி. பெயர் ஃபிலோமினா. பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்ததும் நான் டீச்சராகிவிடுவேன் என்று வீட்டில் எல்லாரும் முடிவு செய்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளை அடிக்க எனக்கு மனம் வராது. அதனால் இரும்பை அடிக்கப் போய்விட்டேன். முதல் சில வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. துண்டு தேய்த்தேன், பாலிஷ் போட்டேன், மைக்ராஸ்கோப்பில் குனிந்து குனிந்து கழுத்துவலி வாங்கினேன். "பொம்பளப் புள்ளைக்கு இந்த வேலை எதுக்கு" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி வாய் நீண்டது. அந்த வாய் பின்னால் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது.

எங்கள் தரக்கட்டுப்பாட்டு மேனேஜர் வரதராஜன் சார். ஸ்ரீரங்கம், உத்தர வீதி. காலையில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நெற்றியில் மெல்லிய திருமண்ணோடு, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார். ஃபவுண்டரியின் கரியும் மணலும் எங்கள் எல்லார்மேலும் படியும், அவர்மேல் மட்டும் படியாது. அது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வார்ப்புகளைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "அந்த லாட்டை ஃபர்னஸுக்கு ஏளப்பண்ணியாச்சா?" என்பார். அது உற்சவரைப் பல்லக்கில் ஏற்றும்போது சொல்கிற வார்த்தை. கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். வாசலை அடைத்து லாரியை நிறுத்திய டிரைவரிடம் ஒருநாள், "தேவரீர் வாகனத்தைச் சித்த நகர்த்தி அருளணும்" என்றார். அந்த ஆள் பயந்துபோய் வண்டியைத் தெருமுனை வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்.

வேலையில் அவருக்கு ஒரே கேள்விதான். துண்டு உடைந்ததும் இரண்டு பாதியையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "என்ன சொல்றேள், சாம்பலா, கல்கண்டா?" என்பார்.

இதை விளக்காவிட்டால் மேலே போக முடியாது. சாதாரண வார்ப்பிரும்பில் கரி மெல்லிய தகடு தகடாகக் கிடக்கும். ஒரு தட்டு தட்டினால் அந்த வழியாகவே விரிசல் ஓடிவிடும். நாங்கள் ஊற்றியது எஸ்.ஜி. அயர்ன். அதில் கரி கடுகு கொட்டிய மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும், அதனால் இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நல்ல எஸ்.ஜி. துண்டை அடித்தால் இழுபட்டு, முரண்டு பிடித்து, கடைசியில்தான் உடையும். உடைந்த முகம் மங்கலாக, சாம்பல் நிறத்தில் இருக்கும். அதே துண்டைக் குளிரவைத்து அடித்தால் ஒரு கட்டத்துக்குக் கீழே அது குணம் மாறிவிடும். முரண்டு கிடையாது, இழுபடல் கிடையாது, படக்கென்று போய்விடும். முகம் பளபளவென்று மின்னும். அதுதான் சாரின் கல்கண்டு. எந்தக் குளிரில் சாம்பல் கல்கண்டாகிறது என்பதில்தான் சூளையில் நாம் செய்த வேலை நல்லதா கெட்டதா என்று தெரியும்.

ஊற்றிய வார்ப்புகளை மறுபடி சூடேற்றி ஆறவைக்கிற அந்தச் சூளை ஆறுமுகத்தின் கையில் இருந்தது. வயலூர்ப் பக்கம் வாழைத்தோப்பு வைத்திருந்தவர். ஷிஃப்ட் முடிந்தால் தோப்பு, தோப்பு முடிந்தால் ஷிஃப்ட். சூளைக் கதவை மூடும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இனி அந்தச் சாமி கும்பிடும் விஷயம். இம்பாக்ட் மெஷின் என்பது ஒரு பெரிய இரும்பு ஊசல். உயரத் தூக்கி மாட்டி வைத்திருக்கும். லீவரை விட்டால் சுத்தியல் தலை வீசிவந்து கீழே மேடையில் இருக்கும் துண்டை உடைத்துவிட்டு மறுபக்கம் ஏறும். எவ்வளவு குறைவாக ஏறுகிறதோ அவ்வளவு பலத்தைத் துண்டு தின்றிருக்கிறது என்று கணக்கு. ஒருநாள் ஒரு புண்ணியவான் டிபன் கேரியரை அதன் பாதையில் வைத்துவிட்டு லீவரில் கைபட நின்றான். கேரியர் சப்பையாகப் போய், தயிர் சாதம் எதிர்ச் சுவரில் ஒட்டியது. அது தலையாக இருந்திருந்தால்? மறுநாளே சார் வழக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். லீவரை விடுமுன் எல்லாரும் நின்ற இடத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அவர் ஒரு சுலோகம் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நல்ல வழக்கம்தான். அதன் பிறகு ஒரு விரல்கூட நசுங்கவில்லை.

ஆனால் சுலோகம் சொல்லும்போது நான் மட்டும் மரம் மாதிரி நிற்கலாமா? நானும் நெற்றியில் சிலுவை போட்டு, "யேசு, மரி, சூசையே" என்று மூன்று தடவை சொல்ல ஆரம்பித்தேன். ஆறுமுகம் தன் லாட் சோதனைக்கு வரும்போதெல்லாம் வந்து நிற்பார். அவர் சும்மா இருப்பாரா? "வயலூர் முருகா, நீதான் பாத்துக்கணும்" என்று தொடங்கி, லாட் பாஸாக வேண்டும், மூத்தவளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும், வாழைத்தாருக்கு விலை கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக அடுக்குவார். ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்கள் பொறுமையாக நிற்போம். ஊரிலேயே இவ்வளவு நாகரிகமாக மூன்று சாமிகளும் வரிசையில் நின்ற இடம் எங்கள் லேப்தான்.

இப்படியே வருஷக்கணக்கில் ஓடியது. அப்போதெல்லாம் துண்டுகளை அறையின் சூட்டிலேயே உடைத்தோம், எவ்வளவு நேரம் கும்பிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. பிறகு பனி கொட்டுகிற ஒரு தேசத்திலிருந்து ஆர்டர் வந்தது. ரயில் பெட்டிச் சக்கரத்தின் அச்சைத் தாங்குகிற வார்ப்பு. மைனஸ் இருபது டிகிரியில் உடைத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். அங்கே குளிரில் அது படக்கென்று போனால் பெட்டியில் இருக்கிறவர்களின் கதி என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மைனஸ் இருபதுக்கு நாங்கள் பட்ட பாடு தனி. ஐஸ்கிரீம் ஏஜென்சிக்காரரிடம் கெஞ்சி டிரை ஐஸ் வாங்குவோம். தெர்மோகோல் பெட்டியிலிருந்து புகை வழிய வழிய நான் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட் காலியாகிவிடும். அந்த ஐஸை ஸ்பிரிட் தொட்டியில் உடைத்துப் போட்டு, தெர்மாமீட்டர் மைனஸ் இருபதில் நிற்கும்வரை கலக்க வேண்டும். துண்டுகள் அதில் ஊறும். இடுக்கியையும் உள்ளேயே போட்டுவைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கியின் சூடே துண்டைக் கெடுத்துவிடும். ஸ்பிரிட் வாடையோடு வெளியே வந்தால் கேட்டில் செக்யூரிட்டி மூக்கைச் சுளித்து, "மேடம், நீங்களுமா?" என்பார். எடுத்த துண்டுக்கு ஐந்து செகண்ட் கெடு என்று விதி. நாங்கள் தயாராக நின்று, லபக்கென்று எடுத்து மேடையில் ஐந்து செகண்டுக்குள் கச்சிதமாக வைத்துவிடுவோம். வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, சாமி கும்பிடுவோம்.

சிரிக்காதே நிவேதா. வைப்பதற்குத்தான் ஐந்து செகண்ட் என்று நாங்கள் சத்தியமாக நம்பினோம். லீவரை விடுமுன் கும்பிடுவது எங்களுக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டது, அதை யாரும் நேரக் கணக்கில் சேர்க்கவில்லை.

எண்கள் அருமையாக வந்தன. எல்லாம் சாம்பல். நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன், முதல் லாட் கப்பலேறியது. கொஞ்ச நாளில் அங்கிருந்து மெயில் வந்தது. அவர்கள் லேபில் அதே லாட் துண்டுகள் கண்ணாடி மாதிரி உடைகின்றனவாம். உங்கள் எண்கள் மெஷினில் வந்தவையா, நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவையா என்று நாசூக்காகக் கேட்டிருந்தார்கள். நேரில் பார்க்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றும் போட்டிருந்தார்கள்.

முதலாளி எங்களைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். "இங்க பாருங்கம்மா. இன்ஸ்பெக்டர் வந்து போற வரைக்கும் நீங்க எந்த ரிப்போர்ட்லயும் கையெழுத்துப் போட வேண்டாம். டெஸ்ட் பண்ணாம எழுதியிருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவரே வந்து கண்டுபிடிச்சா வேலைக்கே ஆபத்து" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், வாயாடி என்று சொல்லுங்கள், திமிர் பிடித்தவள் என்று சொல்லுங்கள். செய்யாத சோதனைக்கு எண் எழுதினாள் என்று சொல்லாதீர்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்னை முந்திக்கொண்டு வேறொருவர் பேசியது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

வரதராஜன் சார் எழுந்தார். "தேவரீர் மன்னிக்கணும்" என்று முதலாளியிடம் ஆரம்பித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தேவரீர் வந்துவிட்டதென்றால் சாருக்கு எல்லை மீறிய கோபம். "அந்த எண் ஒவ்வொண்ணும் விழறச்சே நான் பக்கத்துல நின்னுண்டிருந்தேன். ஃபிலோமினா பொய்னா நானும் பொய். அனுப்பறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பிடுங்கோ."

அன்று முழுக்க மீதமிருந்த துண்டுகளில் பாதியை உடைத்தோம். அதே கும்பிடு, அதே சாம்பல், அதே நல்ல எண். எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

இந்த நேரம் பார்த்து எனக்குக் கடைவாய்ப் பல் வலி. எத்தனை நாள்தான் கிராம்பை அடக்கிக்கொண்டிருப்பது? இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் காலையில் மேலப்புதூரில் ஒரு டாக்டரிடம் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாய் நிறையப் பஞ்சோடு நேராக லேபுக்கு வந்தேன். லீவு போட்டிருக்கலாம். போட்டால் ஓடி ஒளிந்துவிட்டாள் என்பார்களே. சார் முதலாளி அறையில் இருந்தார், ஆறுமுகம் சூளையில். தொட்டியில் துண்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து வைத்தேன். கன்னம் இட்லி மாதிரி வீங்கியிருந்தது, தாடையை அசைக்க முடியவில்லை. யேசு, மரி, சூசை மூவரும் இன்றைக்கு என்னை மன்னிக்கட்டும் என்று மனசுக்குள்கூடச் சொல்லாமல் லீவரை விட்டேன்.

சுத்தியல் மறுபக்கம் உச்சிவரை எகிறியது. துண்டு ஒன்றும் தின்னவில்லை. பொறுக்கிப் பார்த்தால் சுத்தமான கல்கண்டு.

மோசமான துண்டு போல என்று அடுத்ததை எடுத்தேன். அதற்கும் மௌன அடி. அதுவும் கல்கண்டு. மூன்றாவதை வைத்துவிட்டு, பஞ்சைத் துப்பிவிட்டு, வலியோடு வலியாகச் சிலுவை போட்டு ஜெபம் சொல்லி அடித்தேன். பாதி சாம்பல், பாதி கல்கண்டு.

கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். ஒரு துண்டில் துளை போட்டு வெப்பம் காட்டும் கம்பியைச் செருகி, ஊறவைத்து எடுத்து மேடையில் வைத்தேன். பிறகு மூன்று பேரின் வேண்டுதலையும் நான் ஒருத்தியே சொன்னேன். சாரின் சுலோகம் எனக்கு எப்போதோ மனப்பாடம். அது முடியுமுன்பே மீட்டர் மளமளவென்று ஏறத் தொடங்கியிருந்தது. என் முறை முடிந்தபோது இன்னும் மேலே. வாழைத்தார் விலைக்கு வந்து சேரும்போது மைனஸ் இருபது எங்கேயோ போயிருந்தது. துவாக்குடி வெயிலில் கொதிக்கிற அறை, கொதிக்கிற இரும்பு மேடை, அதன்மேல் விரல் பருமன் துண்டு. வேறென்ன ஆகும்? பனி தேசத்துக்குப் போகிற இரும்பை நாங்கள் வேண்டிக்கொண்டே சூடாக்கி, சொகுசாக உடைத்து, பாஸ் போட்டு அனுப்பியிருக்கிறோம். அந்தத் தேசத்து லேபில் யாரும் கும்பிடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தாடை வலித்தது. அடுத்த நொடி சிரிப்பு நின்றது. எனக்காக வேலையையே பணயம் வைத்த மனுஷரிடம் போய் உங்கள் சுலோகம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார், சாரின் முகம் எல்லார் முன்னாலும் தொங்கிப்போகும்.

சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். காவிரிப் பாலம் முழுக்க, எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு நானே பேசிப் பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த அம்மாள் என் வீங்கிய கன்னத்தையும் முணுமுணுப்பையும் பார்த்துவிட்டுத் திருவானைக்காவலிலேயே எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

சார் வீட்டில் மாமி, "அடப் பாவமே, என்ன இப்படி வீங்கிண்டிருக்கு!" என்று ஆற்றின பாலைக் கொண்டுவந்து வைத்தார். நான் சாருக்கு எதிரே உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மௌனமாக அடித்தது, கல்கண்டு, கம்பி, மீட்டர், வாழைத்தார் எல்லாம்.

அவர் பால் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அப்போ இத்தனை நாளா பெருமாள் பேரைச் சொல்லி நான் பொய்க்கணக்கு எழுத வெச்சேனா?" என்றார்.

"பெருமாள் ஒண்ணும் பண்ணல சார். வெயில் பண்ணுச்சு. எங்க சூசையப்பரும் கூட்டுதான். முருகன் இருக்காரே, அவர்தான் ரொம்ப நேரம் எடுத்துக்கிட்டாரு."

அவர் என்னை முறைத்தார். முறைத்தவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் கேட்டார்: "நாளைக்கு யார் லீவரை விடறது?"

"நான்தான் சார். என் கையெழுத்துதானே."

"இல்லை. வழக்கத்தைக் கொண்டுவந்தவன் நான். நானே விடறேன்."

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பிரபாகர் என்று பெயர், அந்தக் கம்பெனிக்காகச் சென்னையிலிருந்து வந்தவர், சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த முகம். முதலாளி அவர் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு நின்றார். ஆறுமுகம் மூலையில். நான் இடுக்கியால் துண்டை எடுத்து வைத்தேன். ஆறுமுகம் பழக்கதோஷத்தில், "வயலூர்..." என்று தொடங்கினார். சார் திரும்பாமலே விரலைத் தூக்கிக் காட்டினார், உதட்டை இறுக்கிக்கொண்டார், லீவரை விட்டார்.

டங் என்று சத்தம். சார் இரண்டு பாதியையும் எடுத்து ஜன்னலுக்கு நீட்டினார். நான் நின்ற இடத்துக்கே அது மின்னியது.

"கல்கண்டு. ஃபெயில்" என்றார். "எங்க லாட் ஃபெயில், சார். எழுதிக்கோங்கோ."

முதலாளி சுவரைப் பிடித்துக்கொண்டார். பிரபாகர் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அப்ப இதுக்கு முன்னாடி எப்படி பாஸ் ஆச்சு?"

சார் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். சுலோகம், சிலுவை, முருகன், மூத்தவள் கல்யாணம், வாழைத்தார். செய்தும் காட்டினேன். பிரபாகர் முதலில் நம்பவில்லை. பழைய மாதிரியே ஒன்றைக் கும்பிட்டு உடைத்துக் காட்டச் சொன்னார், காட்டினோம். சாம்பல். அந்த முகம் கோணியது, வாயைக் கையால் பொத்திக்கொண்டார், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தார். "இதை எங்க ஆளுங்களுக்கு ரிப்போர்ட்ல எப்படிங்க எழுதுவேன்? காரணம்ங்கிற இடத்துல என்னன்னு போடுவேன்?"

"ஆபரேட்டர் தாமதம்னு போடுங்க சார். எத்தனை ஆபரேட்டர்னு போடாதீங்க" என்றேன்.

எண் எப்படி வந்ததென்று தெரிந்துவிட்டது. இரும்பு ஏன் குளிரில் படக்கென்று போகிறது என்பது இன்னும் பாக்கி. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குறையே இல்லை, கடுகு கடுகாகக் கரி, சுற்றிலும் மெத்தென்ற இரும்பு. உடைந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் இரும்பை ஆக்கியிருக்கும் பொடி மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிய இடங்களிலேயே பிரிந்திருப்பது தெரிந்தது. சார் நிமிர்ந்தார்.

"ஆறுமுகம், நெருப்பை அணைச்சப்புறம் கதவை எப்போ திறந்தீர்?"

"திறக்கிறதா? காலையிலதான் சார். நல்லா மூட்டம் போட்டுத்தான் வெப்பேன். வாழைத்தாரை மூட்டம் போடுறோம்ல, அது மாதிரி. அவசரப்பட்டுத் திறந்தா பழம் வெம்பிப் போயிடும் சார்."

அவர்மேல் தப்பில்லை. குளிருக்குப் போகாத எங்கள் மற்ற வார்ப்புகளுக்கு அதுதான் முறை. மூடி வைத்து மெள்ள ஆறவிட்டால்தான் உள்ளே இருக்கிற இறுக்கம் தளரும். இந்த ஆர்டருக்கு ஊற்றிய இரும்பு வேறு ஜாதி. அறுநூற்றைம்பது டிகிரி வரை சூளையில் நிதானமாக இறங்கலாம். அதற்குக் கீழே, நானூற்றைம்பதைத் தாண்டும்வரை அதை மசமசவென்று இழுத்தடித்தால் மணிகளுக்கு நடுவே இருக்கிற பிடிப்பு கெட்டுப்போகும். சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, குளிரில் காலை வாரிவிடும். இதற்கு மருந்தும் உண்டு. மறுபடி அறுநூற்றைம்பதுக்கு ஏற்றி, அங்கிருந்து வெளியே இழுத்துப்போட்டு வேகமாக ஆறவைத்தால் போதும்.

அனுப்பத் தயாராக இருந்த அடுத்த லாட்டுக்கு அதை அன்றே செய்தோம். மங்கிய சிவப்பில் இருந்த வார்ப்புகளை வெளியே இழுத்து, சுற்றிலும் பெரிய ஃபேன்களை வைத்து ஊதினோம். ஆறுமுகத்தால் பார்க்கவே முடியவில்லை. "பச்சப் புள்ளையக் குளிப்பாட்டிட்டு அப்படியே காத்துல போடுற மாதிரி இருக்கு மேடம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரபாகர் ஊருக்குப் போகாமல் கூடவே இருந்தார்.

மறுநாள் மறுபடி ஸ்பிரிட் தொட்டி. இந்த முறை நானே லீவரைப் பிடித்தேன். யாரும் வாய் திறக்கவில்லை. ஆறுமுகத்தின் உதடு மட்டும் அசைந்தது, சார் அவரைப் பார்த்ததும் அதுவும் நின்றது. எடுத்தேன், வைத்தேன், விட்டேன். சுத்தியல் திணறிக்கொண்டு ஏறி, பாதியிலேயே திரும்பிவிட்டது. துண்டு முழுசாக இரண்டாகக்கூட ஆகவில்லை, ஓரத்தில் ஒரு நார் ஒட்டிக்கொண்டிருந்தது. மைனஸ் இருபதில் சாம்பல். அடுத்ததும் சாம்பல், அதற்கடுத்ததும். முதலாளி என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வந்து, இருமினார்.

அன்றே அந்த வாய் திறக்காத வரியைப் பிரபாகர் தன் கையால் எங்கள் தாளில் சேர்த்தார். முதல் லாட்டைத் திருப்பி வரவழைத்து அதையும் அதே மாதிரி சூடேற்றி அனுப்புவதென்று முடிவானது. ரிப்போர்ட் டைப் ஆகி வந்தது. முதலாளி பேனாவைச் சாரிடம் நீட்டினார், "நீங்களே கையெழுத்துப் போட்டுடுங்க வரதராஜன். இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்."

பிரபாகர் குறுக்கே கையை நீட்டினார். "இல்லைங்க. சொந்த லாட்டை என் முன்னாடியே ஃபெயில்னு சொன்ன லேப் இது. காரணத்தைக் கண்டுபிடிச்சது இந்த அம்மா. இவங்க கையெழுத்து இருந்தா இனிமே நான் சாட்சிக்கு வரவே வேண்டாம். இவங்க போடட்டும்."

சார் பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, என்னிடம் கொடுத்தார். நான் குனிந்து போட்டேன். ஆயிரம் தடவை போட்ட கையெழுத்துதான். எழுத்து தாளில் அங்குமிங்கும் ஓடியது, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தேன்.

சார் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "என்ன ஃபிலோமினா, கோணலா இருக்கே?"

"பல் வலி சார்."

"பல் வலியா?"

"ஆமா சார். பல் வலிதான்."

"சரி, சரி" என்று அவர் தாளை வாங்கிக்கொண்டு, நான் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.